பல்லு வாஷர் டப்பா

வேன் மூன்றாவது தடவையாக அதே கோளாறோடு ஷெட்டுக்குள் வந்து நின்றபோது, வண்டிகளுக்கு ஒயரிங் பார்க்கிற ஒயர்க்காரர் வாயைத் திறக்கவில்லை. பேச என்ன இருக்கிறது? ஒரே வியாதிக்கு ஒரே டாக்டரிடம் மூன்றாவது தடவை வருகிற நோயாளியிடம் எந்த டாக்டர் வாய் திறப்பார்? எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வேன்காரம்மா கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். நாள் முழுக்கக் கூச்சலுக்கு நடுவில் வண்டி ஓட்டுவதால் அவளுக்குச் சாதாரணக் குரல் என்று ஒன்று கிடையாது.

"அண்ணே, ஹெட்லைட் போட்டா மெழுகுவத்தியாட்டம் எரியுது. பிரேக்கை மிதிச்சா இண்டிகேட்டர் செத்துப் போகுது. வைப்பர் பாதிக் கண்ணாடி வரைக்கும் போயிட்டு, மேல போகலாமா வேணாமான்னு நின்னு யோசிக்குது."

"ஹாரன்?"

"ஆடு கத்துற மாதிரி இருக்கு. பிள்ளைங்க இறங்கும்போது அதே மாதிரி கத்திக் காட்டிட்டுப் போகுதுங்க."

"ஸ்டார்ட் ஆகுதா?"

"அதெல்லாம் ஜம்முனு ஆகுது. எங்க வீட்டுக்காரர் ஏதோ வீடியோவைப் பார்த்துட்டுப் புது பேட்டரி வேற வாங்கி மாட்டிட்டாரு. ஒண்ணும் மாறலை. இன்னிக்குச் சாயங்காலம் இன்ஸ்பெக்‌ஷன். போன தடவை லைட்டைப் பார்த்துட்டு ஃபெயில்னுட்டாங்க. இந்தத் தடவையும் ஃபெயில்னா, ஸ்கூல்ல வேற வண்டியைப் போட்டுக்கிறோம்னு சொல்லிட்டாங்க. சொல்லிட்டேன், சரி பண்ணிக் கொடுக்காம நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

அவள் ஒரு டயரை உருட்டிப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். முதல் இரண்டு தடவையும் வேனை விட்டுவிட்டுப் போய்விட்டு மறுநாள் வந்து எடுத்துப் போனவள்.

ஒயர்க்காரர் பானெட்டைத் தூக்கினார். மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவில் வைத்தார், இன்னொரு முனையை வேனின் இரும்பு உடம்பில் வைத்தார். ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் வோல்டேஜ் என்று ஒன்று இருக்கவே கூடாது. மீட்டரோ மூன்றைத் தாண்டி நின்றது. அதாவது பேட்டரி கொடுக்கிற பன்னிரண்டு வோல்ட்டில் மூன்று லைட்டுக்குப் போகாமல் வழியிலேயே செத்துக்கொண்டிருந்தது.

விஷயம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கரண்ட் பேட்டரியிலிருந்து லைட்டுக்குப் போனால் மட்டும் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும். வண்டியில் திரும்பி வருகிற வழி அதன் இரும்பு உடம்புதான். அந்த உடம்பையும் பேட்டரியையும் சேர்த்துப் பிடிக்கிற கேபிளுக்கு எர்த் என்று பெயர். அதன் முனை ஒரே ஒரு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த இடத்தில் இரும்போடு இரும்பு ஒட்டவில்லையென்றால் கரண்ட் பாவம், கிடைத்த சந்து பொந்தில் எல்லாம் புகுந்து திரும்பப் பார்க்கும். இந்த வேனில் அது ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கு எர்த் தனி, அதனால்தான் ஸ்டார்ட் மட்டும் ஜம்மென்று ஆனது. ஒயர்க்காரர் அந்தக் கேபிளைத் தொட்டுப் பார்த்தார். சுட்டது.

இதெல்லாம் அவருக்குப் புதுசில்லை. அவர் பயந்தது அடுத்துப் பார்க்கப்போகிற இடத்துக்குத்தான். பேட்டரிக்குப் பக்கத்தில் குனிந்து எர்த் போல்ட்டைப் பார்த்தார்.

போல்ட் வேனுக்கு அடித்த அதே பெயின்ட்டில் பளபளவென்று நீலமாக இருந்தது. போல்ட்டுக்குக் கீழே நீலம். கேபிள் முனைக்குக் கீழேயும் நீலம். நடுவில் ஒரு கறுப்பு ரப்பர் வாஷர், கல்யாண மாப்பிள்ளை மாதிரி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

ஒயர்க்காரர் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தார். ஏனென்றால் போன வாரம் இதே போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாள் போட்டு இரும்பு வெள்ளை வெளேரென்று தெரிகிற வரைக்கும் தேய்த்து, பல்லு வாஷர் போட்டு முடுக்கியது அவர்தான். பல்லு வாஷர் என்பது ஓரமெல்லாம் பல் வைத்த வாஷர். முடுக்கினால் இரும்பைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். அதற்கு முந்தின வாரமும் அதையேதான் செய்தார். அப்படித்தான் அவருக்கு ஞாபகம். ஆனால் கண்ணெதிரே போல்ட் யாரும் தொடாத மாதிரி இருக்கிறதே? அப்படியென்றால் செய்தோமா, செய்யவேண்டும் என்று நினைத்ததோடு விட்டுவிட்டோமா?

இங்கேதான் ஒயர்க்காரரின் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகா கெட்டிக்கார மனுஷன். கடைசிக் காலத்தில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, 'எனக்கு மட்டும் ஏன் சோறு போடலை?' என்று கேட்பார். சட்டையைப் போட்டுக்கொண்டு, சட்டை எங்கே என்று வீடெல்லாம் தேடுவார். அது இப்படித்தான் ஆரம்பித்தது, ஒரு சின்ன விஷயத்தில். அப்பாவுக்கு அது ஆரம்பித்த வயசைத்தான் ஒயர்க்காரர் இப்போது எட்டியிருந்தார்.

அது மட்டுமா? வீட்டில் அவருடைய மனைவி கொஞ்ச நாளாக அவரிடம் மெதுவாகவும் சத்தமாகவும் பேச ஆரம்பித்திருந்தாள். காலையில் எழுந்ததும், "இன்னிக்கு வியாழக்கிழமைங்க," என்பாள், கேட்காமலே. உள்ளங்கையில் பாதாம்பருப்பைக் கொட்டி, மென்று விழுங்குகிற வரை எதிரிலேயே நிற்பாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது, சொல்லத்தான் தைரியமில்லை என்று ஒயர்க்காரர் முடிவு கட்டினார். பாதாமைப் பேசாமல் மென்றார்.

நேற்றே மனசுக்குள் ஒரு தீர்மானம் செய்து வைத்திருந்தார். இந்த வேன் மறுபடி இதே கோளாறோடு வந்தால் அவ்வளவுதான், மீட்டரைத் தூக்கி உள்ளே வைத்துவிட வேண்டியது. பிள்ளைகள் போகிற வண்டி. மறதிக்காரன் ஒயரைத் தொடக் கூடாது. அவர் அப்படி நினைத்தாரே தவிர, நினைத்த நேரத்திலிருந்து சோறு இறங்கவில்லை.

முதல் தடவை வேன் வந்தபோதே பெயின்ட் எப்படி வந்தது என்பது அவருக்குத் தெரியும். அடித்தது பெயின்டர். பெயின்டர் வேறு யாருமில்லை, மனைவியின் கூடப்பிறந்த தம்பி. நாற்பதைத் தாண்டிய ஆள், கை சுத்தம். முன்னால் வேலை பார்த்த இடத்தில் முதலாளி நாலு பேர் முன்னால் ஏதோ சொல்லிவிட்டார் என்று வேலையை விட்டுவிட்டு வந்து, அக்கா வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்தான். மாசக்கணக்கில் படுத்தான். கடைசியில் அக்காதான் அவனை எழுப்பி, ஷெட்டின் பாதியை அவனுக்குக் கொடுக்க வைத்தாள். நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை. இந்தப் பக்கம் ஒயர், அந்தப் பக்கம் பெயின்ட்.

"அவனை ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க," என்று அப்போதே கட்டளை பிறந்துவிட்டது. "மறுபடி படுத்தான்னா எழுப்ப என்கிட்ட தெம்பில்லை."

பெயின்டர் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் குறையே. மற்ற பெயின்டர்கள் போல்ட்டுக்கு மேலேயே அடித்துவிட்டுப் போவார்கள். இவன் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, அடியிலும் அடித்து, காயவிட்டு, பெயின்ட் கீறக் கூடாது என்று ரப்பர் வாஷர் வைத்து மாட்டுவான். அந்த ஷெட்டுக்குள் வந்த லாரிக்கும் காருக்கும் எர்த் எங்கே போயிற்று என்று கேட்டால், இவன் பெயின்ட்டுக்கு அடியில் போயிற்று. ஒயர்க்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தம் போடாமல் சுரண்டினார், பல்லு வாஷர் போட்டார். வண்டி கடைசியாக ஒரு தடவை திரைக்கு அந்தப் பக்கம் போகும். பெயின்டர் துடைத்து, பாலீஷ் போட்டு, வெளியே அனுப்புவான். அதோடு சரி.

மற்ற வண்டிகள் திரும்பி வரவில்லை. வெயில் காலத்தில் பகலில் ஓடுகிற வண்டிக்கு லைட் மங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது? வேன்காரம்மாவுக்கு மட்டும் நடுவில் மழை பிடித்துக்கொண்டது, அதோடு இன்ஸ்பெக்‌ஷனும்.

"இங்க வாம்மா தங்கச்சி," என்று கூப்பிட்டார் ஒயர்க்காரர்.

வேன்காரம்மா எழுந்து வந்தாள்.

"நான் பண்றதை நல்லாப் பாத்துக்கோ. இப்ப என்ன பண்றேன்?"

"போல்ட்டைக் கழட்டுறீங்க."

"இப்ப?"

"உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறீங்க."

"இரும்பு தெரியுதா?"

"கண்ணாடி மாதிரி தெரியுது."

"இது என்ன?"

"வாஷர். பல்லு வெச்சது. எதுக்குண்ணே எனக்குப் பரீட்சை வெக்கிறீங்க?"

"பின்னாடி கேட்டா சொல்லுவியா?"

"கேளுங்க, சொல்றேன். ஒரு வேன் பிள்ளைங்க பேரு, அதுங்க அம்மாங்க பேரு, யாரு எந்த சீட்டுன்னு எல்லாம் மனப்பாடம் எனக்கு. ஒரு வாஷரை மறந்துடுவேனா?"

ஒயர்க்காரர் முடுக்கி முடித்து மீட்டரை வைத்தார். முள்ளுக்கு வேலையே இல்லை, பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. ஹெட்லைட் ஷெட்டின் சுவரில் பளீரென்று அடித்தது. வேன்காரம்மா சந்தோஷம் தாங்காமல் உள்ளே கையை விட்டு ஹாரனை ஒரு அமுக்கு அமுக்கினாள். தெருவில் போன ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்றே விட்டார்.

வேனை வழக்கம் போலத் திரைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். வேன்காரம்மா வேனின் வாசற்படியிலேயே உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். ஒயர்க்காரர் பின்பக்கக் குழாயடிக்குப் போய் முகம் கழுவினார். சாப்பாடு கொண்டுவருகிற மனைவியிடம் இன்றைக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. 'எனக்கும் அப்பா மாதிரி' என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். மறுபடி முகம் கழுவினார்.

திரும்பி வந்து, அனுப்புவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பானெட்டைத் தூக்கினார்.

நீலம்.

போல்ட் நீலம், அடி நீலம், நடுவில் ரப்பர் வாஷர். ஒயர்க்காரர் விரலால் தொட்டார். பெயின்ட் விரலில் ஒட்டியது. ஈரம். அப்போது அவருக்குத் தோன்றியதைச் சொன்னால் சிரிக்கக் கூடாது. 'அடப்பாவி, பெயின்ட்டையும் நானேதான் அடிக்கிறேனா?' என்று தோன்றியது. பம்பரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தங்கச்சி," என்றார். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் இதைச் சுரண்டினேனா இல்லையா?"

"சுரண்டினீங்க," என்றாள் வேன்காரம்மா, மென்றுகொண்டே.

"பல்லு வாஷர் போட்டேனா?"

"போட்டீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் நீங்க முகம் கழுவப் போனீங்க. உங்க மச்சினர் வந்தாரு, பார்த்தாரு, 'ப்ச்'சுன்னாரு. வாஷரைக் கழட்டினாரு. சின்ன பிரஷ்ஷை வெச்சு அழகாப் பூசினாரு. ரப்பரை வெச்சு மூடிட்டுப் போயிட்டாரு." ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுத்தான் பண்றீங்கன்னு நெனச்சேன்."

ஒயர்க்காரர் எழுந்தார். இத்தனை நாளும் எறும்புக்குக்கூடக் கேட்காத குரலில் பேசிக்கொண்டிருந்த மனுஷன், ஷெட்டின் தகரமே அதிர, "மாப்ளே!" என்று ஒரு கத்து கத்தினார்.

பெயின்டர் கையில் பிரஷ்ஷோடு ஓடி வந்தான்.

"இதை நீயாடா பூசினே?"

பெயின்டரின் முகம் சுருங்கிவிட்டது. திருட்டு மாங்காய் தின்று மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான். "மன்னிச்சுக்கங்க மாமா. உங்களுக்குத் தெரியாமதான் பண்ணணும்னு நெனச்சேன்."

"எதை?"

"நீங்க சுரண்டினதை மூடுறதை." தலையைக் குனிந்துகொண்டான். "எல்லா வண்டியிலயும் சுரண்டி வெச்சிடறீங்க மாமா. ஸ்பேனர் வழுக்குது போலிருக்கு, கண்ணு சரியாத் தெரியலை போலிருக்குன்னு அக்காகிட்ட சொன்னேன். அக்கா அழுதுட்டு, 'அவர்கிட்ட எதுவும் கேட்டுடாதே, சத்தமில்லாம சரி பண்ணிடு'ன்னுச்சு. அதான் வண்டி வெளிய போறதுக்கு முன்னாடி நான் பூசிடுவேன்."

"வாஷர்? என் பல்லு வாஷரெல்லாம் எங்க?"

பெயின்டர் திரைக்கு அந்தப் பக்கம் போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தான். "பெயின்ட்டைக் கடிக்குதேன்னு எடுத்துட்டேன். உங்க பொருளாச்சே, தூக்கிப் போட மனசு வரலை."

ஒயர்க்காரர் டப்பாவை வாங்கி, பெஞ்சின்மேல் கவிழ்த்தார். கலகலவென்று வாஷர்கள் கொட்டின. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"இது பெரிசு. மரம் ஏத்துற லாரி. இது பித்தளை, கையில வேற இல்லாம போட்டது, அந்த வெள்ளைக் கார். இந்த மூணும் ஒரே அளவு, வேன், வேன், வேன். இது ஆட்டுக்காரர் வண்டி, முன் லைட்டுக்குப் போட்டது." சொல்லச் சொல்ல அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது. "எல்லாம் போட்டிருக்கேன்டா! ஒண்ணு விடாம போட்டிருக்கேன்! எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குடா!"

பெயின்டரைக் கட்டிப் பிடித்தார். கட்டிப் பிடித்தவாறே முதுகில் பொத்துப் பொத்தென்று நாலு சாத்து சாத்தினார். பெயின்டருக்கு இது பாராட்டா அடியா என்று புரியவில்லை, வாங்கிக்கொண்டான்.

"பெயின்ட்ல கரண்ட் போகாதுடா, மடையா! ரப்பர்ல அதைவிடப் போகாது! அந்த ஒரு இடத்தை மட்டும் விட்டுத் தொலைக்கக் கூடாதா?"

"போகாதா?" என்றான் பெயின்டர், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு. "இதை ஏன் மாமா மொதல்லயே சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னு உங்க அக்கா."

"என்கிட்டயும் அதேதானே சொல்லுச்சு."

சரியாக அந்த நேரம் பார்த்து அக்கா சாப்பாட்டு கேரியரோடு ஷெட்டுக்குள் நுழைந்தாள். மூன்று பேரும் திரும்பிப் பார்த்த பார்வையைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டாள். பிறகு கணவனைப் பார்த்து, மெதுவாகவும் சத்தமாகவும், "என்னங்க ஆச்சு உங்களுக்கு?" என்றாள்.

வேன்காரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "யாருக்கும் ஒண்ணும் ஆகலை! இவர் சுரண்டுறாரு, அவர் பூசுறாரு, நடுவுல நான் ஆடு மாதிரி கத்திக்கிட்டு ஊரெல்லாம் சுத்துறேன்! குடும்பக் கதையை அப்புறம் வெச்சுக்கங்க, மொதல்ல என் வண்டி!"

வண்டியை முடித்தார்கள். இந்தத் தடவை பெயின்டரே உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தான். தான் அடித்த பெயின்ட்டைத் தானே சுரண்டுகிறபோது அவன் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒயர்க்காரர் வாஷர் போட்டு, முடுக்கி, துரு ஏறாமல் இருக்க மேலே கிரீஸ் தடவினார். மீட்டர் பூஜ்யம் காட்டியது. மறுபடி யாராவது பூசித் தொலைக்கப்போகிறார்கள் என்று வேன்காரம்மா பானெட்டைத் தன் கையாலேயே மூடினாள். இன்ஸ்பெக்‌ஷனில் யாராவது ஏதாவது கேட்டால் பதில் சொல்லட்டும் என்று பெயின்டரையும் பக்கத்து சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். இன்ஸ்பெக்‌ஷனில் ஒன்றும் கேட்கவில்லை, பாஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு போன் வந்தது.

ஷெட்டில் புருஷனும் பெண்டாட்டியும்தான் மிச்சம். ஒயர்க்காரர் நடந்ததை எல்லாம் முதலிலிருந்து சொன்னார். தான் பயந்ததையும் சொன்னார். சொல்லிவிட்டு, இப்போது கோபப்படுவதற்குத் தனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்து, "ரெண்டு பேரு வாயையும் பூட்டிட்டு நீ பாட்டுக்கு எனக்குப் பாதாம் ஊட்டிக்கிட்டிருந்தே. நான் செத்துக்கிட்டிருந்தேன்டி," என்றார்.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அப்ப உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே இல்லை."

"நெஜமா?"

"வாஷரைக் கேளு."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகை இல்லை, தோள் குலுங்கக் குலுங்க, நிறுத்த முடியாத அழுகை. ஒயர்க்காரருக்குக் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க அப்பாவைக் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டது நான்தானே," என்றாள் அவள், அழுகைக்கு நடுவில். "அது எப்படிப் போகும், எங்க போய் நிக்கும்னு உங்களைவிட எனக்கு நல்லாத் தெரியும். மறுபடி மொதல்லேருந்து பண்ணணுமேன்னு இருந்துச்சு. பண்ணிடலாம்னும் இருந்துச்சு. ஒரு நாள் நீங்க என்னைப் பார்த்து 'நீ யாரு'ன்னு கேப்பீங்களே, அதை மட்டும்தான் நினைச்சுப் பார்க்க முடியலை. அதுக்கும் பதில் யோசிச்சு வெச்சுட்டேன்."

"என்ன பதில்?"

"நர்ஸுன்னு." மூக்கை உறிஞ்சினாள். "உங்க அப்பாகிட்ட அப்படித்தான் சொன்னேன். மருமகள்னு சொன்னா கூச்சப்பட்டாரு, குளிக்க வெக்க விட மாட்டேன்னாரு. நர்ஸுன்னு சொன்னதும் பேசாம கையைத் தூக்கிக் காட்டினாரு."

ஒயர்க்காரர் இதை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறார். இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாள்கூட வாயைத் திறந்து சொன்னதில்லை. கேரியரை எடுத்துத் திறக்கப் பார்த்தார், மூடி வரவில்லை. அவள் வாங்கித் திறந்தாள்.

"நர்ஸுன்னா சம்பளம் தரணுமே," என்றார் கடைசியில்.

"கொடுத்தாச்சுன்னு சொல்லியிருப்பேன்," என்றாள் அவள், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே. "உங்களுக்கென்ன, ஞாபகமா இருக்கப் போகுது?"